‘பண்டு’ம் காவல் கூலியும்: 1896 திண்டுக்கல் வட்டாரக் கலகங்களில் காவற்செலவு பற்றிய வழக்கு

ஆய்வுச் சுருக்கம்

1896ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தின் வடபகுதியில், குறிப்பாகத் திண்டுக்கல் வட்டாரத்தில், கள்ளர் சமூகத்தார் வகித்துவந்த ஊர்க்காவலுக்கு எதிராகக் குடியானவர்கள் திரண்டு நடத்திய இயக்கம் ‘பண்டு’ எனப்பட்டது. காலனிய ஆவணங்கள் இதனைக் குற்றத் தடுப்பு முயற்சியாகவும் சாதிப் பூசலாகவும் பதிவு செய்தன. காவலுக்கு யார் பணம் தருவது, களவு போன பொருளுக்கு யார் ஈடு செய்வது, காப்பவர் யாருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் மூன்று வினாக்களின் வழியே இக்கட்டுரை அவ்வியக்கத்தை ஆராய்கிறது. பழைய காவலில் இருந்த ஈட்டுப் பொறுப்பைப் புதிய போலீஸ் ஏற்காத நிலையில் பண்டு தோன்றியது என்பதும், ஈட்டுப் பொறுப்பை ஏற்ற பண்டு யாரைக் காக்கக் கடமைப்பட்டது என்பதில் எல்லை வகுக்கத் தவறியதே கலகமாக முடிந்தது என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: காவல், காவல் கூலி, துப்புக்கூலி, பண்டு, கள்ளர், சென்னை மாகாணப் போலீஸ், குற்றப் பரம்பரைச் சட்டம்.

1. முன்னுரை

காவல்துறைச் சீர்திருத்தம் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் அதிகாரத்தைப் பற்றியவையாக அமைகின்றன. காவலர் எந்த அளவு வன்முறையைக் கையாளலாம், யாரை எப்போது கைது செய்யலாம் என்பன அவற்றின் முதன்மை வினாக்கள். காவலுக்கு ஆகும் செலவு, அச்செலவைத் தாங்குவோர், அதற்கு ஈடாக அவர்கள் பெறும் உறுதி ஆகியவை நிருவாக வினாக்களாக ஒதுக்கப்படுகின்றன. தமிழகத்தின் ஊர்க்காவல் வரலாறு இவ்விரண்டையும் பிரிக்க இயலாது என்பதைக் காட்டுகிறது. அதற்கு 1896ஆம் ஆண்டின் பண்டு இயக்கம் தக்க சான்று.

கள்ளர் சமூக வரலாறு பற்றி லூயி துய்மோன் (1957), ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் (1978), நிக்கோலஸ் டர்க்ஸ் (1987) ஆகியோரும், சென்னை மாகாணப் போலீஸ் பற்றி டேவிட் அர்னால்டும் (1986) விரிவாக எழுதியுள்ளனர். 1896ஆம் ஆண்டு இயக்கத்தைத் தனிப்பொருளாகக் கொண்ட ஆனந்த் பாண்டியனின் ஆய்வு 2005இல் வெளிவந்தது. இரா. சுந்தரவந்தியத்தேவனின் பிறமலைக் கள்ளர் பற்றிய நூல் தமிழில் குறிப்பிடத்தக்கது. இவற்றின் பின்னணியில், பண்டு இயக்கத்தைக் காவற்செலவு பற்றிய வழக்காக வாசிப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

‘காவல்’ என்னும் சொல் இங்கு மரபுவழி ஊர்க்காவலையே குறிக்கும். காலனிய அரசு அமைத்த நிறுவனம் ‘போலீஸ்’ எனச் சுட்டப்படுகிறது.

2. காவல் கூலி: உரிமையும் பொறுப்பும்

காவலுக்குக் கூலி தரும் வழக்கம் பழமையானது. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே ‘பாடிகாவல்’ என்பது வரியினமாக இடம்பெறுகிறது. பிற்காலப் பாண்டியர் ஆட்சியிலும் அதனை அடுத்த நூற்றாண்டுகளிலும் புதுக்கோட்டைப் பகுதி ஊரார் தம் ஊரின் பாடிகாவல் உரிமையை அரையர்களுக்கு அளித்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. காவல் அரச ஆணையால் மேலிருந்து மட்டும் வந்ததன்று. ஊராருக்கும் காப்பவருக்கும் இடையே விலையும் கைம்மாறும் வகுக்கப்பட்ட ஏற்பாடாகவும் அது இருந்தது.

நாயக்கர் காலத்துக்குப் பின் தென்மாவட்டங்களில் காவல் இரு நிலைகளில் இயங்கியது. ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்குவது தலக்காவல். பல ஊர்களையும் வழித்தடங்களையும் உள்ளடக்குவது திசைக்காவல். பின்னது பாளையக்காரர்களின் கையில் இருந்தது. கூலி அறுவடைக் களத்தில் தானியமாகவும் சில இடங்களில் பணமாகவும் அளக்கப்பட்டது. மதுரை வட்டாரத்தில் பல ஊர்களின் காவல் கள்ளர் குடும்பங்களிடம் தலைமுறை உரிமையாக இருந்தது. கள்ளர் அனைவரும் காவல் செய்தவர் அல்லர், பெரும்பாலோர் உழவர். காவல் உரிமை சில குடும்பங்களுக்கே உரியது.

இவ்வுரிமையோடு ஒரு பொறுப்பும் பிணைந்திருந்தது. காவலில் இருக்கும் ஊரில் மாடோ பொருளோ களவு போனால், காவற்காரர் அதனை மீட்டுத் தர வேண்டும், இயலாவிடில் அதன் மதிப்பை ஈடு செய்ய வேண்டும். ஊரார் தந்த கூலி, இன்றைய வழக்கில் சொல்வதானால், காப்பீட்டுத் தவணை போன்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பொறுப்பு பல இடங்களில் திரிந்துவிட்டது. காவல் கூலி தர மறுத்த ஊர்களில் மாடுகள் காணாமற்போயின, வைக்கோற்போர்கள் எரிந்தன. களவு போன மாட்டை மீட்க, இடைத்தரகர் வழியாக அதன் மதிப்பில் ஏறத்தாழப் பாதியைத் துப்புக்கூலியாகச் செலுத்த வேண்டியிருந்தது. பணம் கைமாறிய பின் குறித்த இடத்தில் மாடு கட்டப்பட்டிருக்கும். உடைமையாளர் போலீசில் முறையிடாமல் துப்புக்கூலி தருவதையே விரும்பினார் என்று அதிகாரிகள் குறைப்பட்டுக்கொண்டனர். இந்தக் குறைபாட்டுக்குள் ஓர் ஒப்புதலும் உண்டு. துப்புக்கூலி தந்தவருக்கு மாடு திரும்பக் கிடைத்தது. போலீசில் முறையிட்டவருக்கு அந்த உறுதி இல்லை.

3. கும்பினி ஆட்சியும் போலீசும்

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கும்பினியின் கைக்கு வந்தது. 1801இல் கர்நாடகம் முழுவதும் வந்தது. பாளையக்காரர் போர்களை அடுத்துத் திசைக்காவல் உரிமை பாளையக்காரர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. நிலையான தீர்வைத் திட்டத்தின்கீழ் அவர்கள் ஜமீன்தார்களாக மாற்றப்பட்டபோது காவற்பணி அரசுக்குரியதாயிற்று. காவலுக்கென்று மக்கள் தந்த வரவு அரசு வருவாயில் கலந்தது. அதே அளவு காவல் அரசிடமிருந்து ஊருக்குத் திரும்பவில்லை. தலக்காவல் பல இடங்களில் சட்டத்தின் ஏற்பின்றியே தொடர்ந்தது. குடியானவர் அரசுக்குத் தீர்வை செலுத்தினார், காவற்காரருக்கும் கூலி அளந்தார்.

1802இல் புகுத்தப்பட்ட தாரோகா முறை 1816இல் கைவிடப்பட்டது. அவ்வாண்டின் ஒழுங்குவிதிகள் ஆட்சியரை நடுவராகவும் தாசில்தாரைப் போலீஸ் தலைவராகவும் ஊர் மணியக்காரரையும் தலையாரியையும் அவர்தம் கீழ்ப்பணியாளராகவும் ஆக்கின. தனிப் போலீசுக்கான செலவு இதனால் மிச்சமாயிற்று. வரி தண்டுபவரே குற்றம் விசாரிப்பவராகவும் ஆன இவ்வேற்பாட்டின் விளைவை 1855ஆம் ஆண்டுச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிப்படுத்தியது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகியோர் அக்குழுவின் உறுப்பினர்கள். அண்ணாந்தாள் இடுதல், கிட்டி போடுதல் முதலிய கொடுமைகள் தீர்வை தண்டவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் ஒருங்கே பயன்பட்டதை மக்கள் நேரிலும் எழுத்திலும் முறையிட்டிருந்தனர். வருவாய்ப் பணியும் போலீஸ் பணியும் பிரிக்கப்பட வேண்டும் என்ற கருத்து இவ்வறிக்கையால் வலுப்பெற்று, 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டமாக உருப்பெற்றது. வில்லியம் ராபின்சன் தலைமையில் சென்னை மாகாணப் போலீஸ் அமைந்தது.

புதிய போலீஸ் சீருடையும் படிநிலையும் பெற்றது. ஆயினும் அதன் காவலர் குறைந்த ஊதியத்தில் நெடுந்தொலைவுப் பகுதியைச் சுற்றிவர வேண்டியிருந்தது. 1902–03இல் ஆண்ட்ரூ பிரேசர் தலைமையில் அமைந்த போலீஸ் ஆணையம் மாகாணங்கள்தோறும் விசாரித்து, போலீஸ் திறமை குன்றியது, ஊழலும் ஒடுக்குமுறையும் மிக்கது, மக்களின் நம்பிக்கையைப் பெறத் தவறியது என்று முடிவு செய்தது. கடைநிலைக் காவலரின் ஊதியம் மாதம் 8 ரூபாய்க்குக் குறையலாகாது என்று அது பரிந்துரைத்ததிலிருந்தே முன்னைய நிலையை உணரலாம்.

பழைய காவலுக்கும் புதிய போலீசுக்கும் இடையிலிருந்த முதன்மை வேறுபாடு ஈட்டுப் பொறுப்பே. களவைத் தடுக்கத் தவறிய காவற்காரர் கைப்பொருளை இழந்தார். தடுக்கத் தவறிய போலீசார் எதையும் இழக்கவில்லை. செலவைப் பொறுத்தவரை அரசு வேறொரு நெறியையும் வகுத்திருந்தது. அமைதி குலைந்த ஊரில் கூடுதல் போலீசை நிறுத்தி, அதன் செலவை அவ்வூராரிடமே தண்டும் விதி 1861ஆம் ஆண்டு இந்தியப் போலீஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவில் இடம்பெற்றது. காவல் தவறினால் காப்பவர் செலுத்துவது பழைய நெறி. அமைதி தவறினால் காக்கப்படுபவரே செலுத்துவது புதிய நெறி.

4. பண்டின் அமைப்பு

இப்பின்னணியில்தான் 1896இல் இயக்கம் எழுந்தது. இடையர் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் அதனைத் தொடங்கினார் என்று ஆவணங்கள் கூறுகின்றன. கால்நடையே செல்வமாகக் கொண்ட அவ்வகுப்பினர் மாட்டுக் களவால் பெரிதும் இழப்புற்றவர்கள். இயக்கம் ஊர் ஊராகப் பரவி, பல சாதிக் குடியானவர்களையும் ஈர்த்தது.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ தொகுப்பில் கள்ளர் பற்றிய பகுதியில் இவ்வியக்கத்தின் நடைமுறை பதிவாகியுள்ளது. அதன்படி, நூற்றுக்கணக்கானோர் கூடிய கூட்டங்களில் குடியானவர்கள் ஏர்க்கலப்பையின் மேல் சத்தியம் செய்து, கள்ளரின் காவலை இனி ஏற்பதில்லை என்று உறுதி பூண்டனர். மாடு இழந்தோருக்கும் வீடு எரிந்தோருக்கும் ஈடு தர ஒரு பொதுப்பணம் திரட்டினர். தமக்குள்ளேயே ஆள் அமர்த்தி இரவுச் சுற்றுக்காவல் ஏற்படுத்தினர். களவு நேர்ந்தால் ஊருக்கு ஊர் செய்தி எட்டும்படி ஊதுகொம்புகள் வழங்கப்பட்டன. கொம்பொலி கேட்டும் வராதவர்களுக்கு அளவிட்ட தண்டம் விதிக்கப்பட்டது.

இயக்கத்தின் பெயர் அப்பொதுப்பணத்திலிருந்தே வந்தது. ‘பண்டு’ ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தில் பெருகிய சேமிப்பு நிதிகளால் அச்சொல் மக்கள் வழக்கில் ஊன்றியது. 1872இல் தொடங்கப்பட்ட மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டு அவற்றுள் ஒன்று. பலர் சிறுதொகை செலுத்தி, இடர் வந்த ஒருவருக்கு அதிலிருந்து உதவுவது என்னும் பொருளை அச்சொல் ஏற்றிருந்தது. குடியானவர்கள் தம் இயக்கத்துக்குத் தலைவரின் பெயரையோ தெய்வத்தின் பெயரையோ தங்கள் சாதியின் பெயரையோ சூட்டாமல், கணக்குப் புத்தகத்தோடு தொடர்புடைய ஒரு சொல்லைத் தேர்ந்தமை நோக்கத்தக்கது.

மேற்கண்ட கூறுகள் ஒரு காவல் அமைப்பின் முழு உறுப்புகளாகும். வருவாய், ஆட்கள், எச்சரிக்கை முறை, ஒழுங்கு நடவடிக்கை, இழப்பீடு ஆகிய ஐந்தும் அதில் இருந்தன. இவற்றுள் இறுதியானது போலீசிடம் இல்லாதது, பழைய காவலிடமிருந்து பெறப்பட்டது. பண்டு காவல் முறையை ஒழிக்கவில்லை. காவற்காரரின் கையிலிருந்த ஈட்டுப் பொறுப்பைக் குடியானவர்களின் கூட்டுப் பொறுப்பாக மாற்றியது. போலீசின் போதாமையைக் குடியானவர்கள் மனுக்களில் எழுதுவதற்கு மாறாக, அதன் பணியைத் தாமே எடுத்துக்கொண்டு உணர்த்தினர் என்று இதனைக் கொள்ளலாம்.

5. கலகம்

காவல் உரிமை நீங்கியதும் கள்ளர் குடும்பங்கள் வாழ்வாதாரத்தின் ஒரு பகுதியை இழந்தன. வடபகுதியில் பலர் நிலத்தை விற்றுவிட்டு ஊரை விட்டு வெளியேறினர். சில இடங்களில் அவர்கள் பெருந்திரளாகக் கூடி எதிர்த்து நின்றனர். மோதல்கள் மூண்டன. ஓர் ஊரில் மூவர் கொல்லப்பட்டனர், கள்ளர் குடியிருப்பு தீக்கிரையாயிற்று. ஆகஸ்டு மாதத்தில் திண்டுக்கல் கோட்டத்தைச் சேர்ந்த இரண்டு ஊர்களில் திரளான குடியானவர்கள் கள்ளரைத் தாக்கி அவர்தம் குடியிருப்புகளை எரித்தனர்.

பண்டின் விதிகளில் எரியூட்டல் இல்லை. எனினும் இவ்வன்முறையைத் தற்செயலான பிறழ்ச்சி எனத் தள்ளிவிட இயலாது. பண்டு காக்க வேண்டியவர்களைச் சத்தியத்தால் வரையறுத்தது. அச்சத்தியத்தின் பொருளே ஒரு சமூகத்தை விலக்குவதாக இருந்தது. திருடியவர் இன்னார் என்று விசாரிக்கும் அமைப்பு பண்டில் இல்லை. காவல் உரிமை பெற்ற சில குடும்பங்களுக்கும் அதே ஊரில் உழுது வாழ்ந்த ஏனைய கள்ளர் குடும்பங்களுக்கும் இடையே அது வேறுபாடு காணவில்லை. காவற்காரரின் கூலியை மறுக்கும் உரிமை குடியானவர்க்கு இருந்தது என்பது ஏற்கத்தக்கது. கூலியை மறுப்பதிலிருந்து குடியிருக்கும் உரிமையை மறுப்பதற்கு இயக்கம் நகர்ந்தபோது, அதனைத் தடுக்கும் விதி எதுவும் அதன் அமைப்பில் இல்லை. வீடு எரிந்தவர்க்கு ஈடு தரவே பண்டு திரட்டப்பட்டது. எரிந்த கள்ளர் வீடுகள் அதன் கணக்கில் சேர்பவை அல்ல.

6. சான்றுகளின் குரல்

இயக்கம் நடந்த ஆறு மாதங்களில் குற்றம் அறவே நின்றுவிட்டது என்றும், கிணற்றடியில் வாளிகளை அப்படியே விட்டுச் செல்லும் அளவுக்கு மக்கள் அச்சம் நீங்கினர் என்று ஒருவர் வாக்குமூலம் அளித்தார் என்றும் தர்ஸ்டனின் தொகுப்பு குறிக்கிறது. அதே பகுதியே மூன்று கொலைகளையும் குடியிருப்புகளின் எரிப்பையும் சொல்கிறது. குற்றம் நின்றது என்னும் கூற்றும் மூவர் கொல்லப்பட்டனர் என்னும் கூற்றும் அடுத்தடுத்த வாக்கியங்களில் முரணின்றி அமர்ந்துள்ளன. குடியானவரின் உடைமைக்கு எதிரானது மட்டுமே குற்றம் என்னும் கண்ணோட்டம் இல்லாமல் இவ்விரு வாக்கியங்களும் ஒருங்கே நிற்க இயலாது.

முதலில் குறித்த ஊரில் தீயிட்டவர் யார் என்பது கண்டறியப்படவில்லை என்றும், கள்ளரே தம் குடியிருப்புக்குத் தீயிட்டிருக்கக்கூடும் என்றும் பொருள்படும்படி அக்குறிப்பு அமைந்துள்ளது. வீடிழந்தோரின் வாக்குமூலம் அதில் ஒரு வரியும் இல்லை. வாளியைப் பற்றிப் பேசியவரின் சொல் பதிவேறியது, வீட்டைப் பற்றிப் பேசக்கூடியவரின் சொல் ஏறவில்லை. இந்த ஏற்றத்தாழ்வைக் கருதாமல் பண்டின் வெற்றியை மதிப்பிடுவது, அந்த ஆவணத்தின் கணக்கையே வரலாற்றின் கணக்காகக் கொள்வதாகும்.

7. அரசு எடுத்துக்கொண்ட பாடம்

பண்டு அரசின் முன் இரண்டு செய்திகளை வைத்தது. தம் தீர்வைக்கு ஈடான காவல் கிடைக்கவில்லை என்பது ஒன்று. தீர்வுக்கான வழியாக ஒரு சமூகத்தையே ஐயத்துக்குரியதாக்கலாம் என்பது மற்றொன்று. முதலாவதை ஏற்றால் ஊர்ப்புறப் போலீசுக்குச் செலவிட வேண்டும், தவறுக்குப் பொறுப்பேற்க வேண்டும். இரண்டாவதை ஏற்பதற்குச் செலவு குறைவு.

1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வரவில்லை. 1911ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம் அதனை இங்கும் கொணர்ந்தது. ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என அறிவிக்கும் ஆணையை நீதிமன்றத்தில் வினவ இயலாதவாறு அச்சட்டம் வகுக்கப்பட்டது. பதிவு, கைரேகை, குறித்த இடத்தில் முன்னிற்றல், இடம்பெயரத் தடை ஆகியவை அதன் கருவிகள். மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். 1918இல் பிறமலைக் கள்ளர் முழுவதும் அதன்கீழ்க் கொணரப்பட்டனர். பதிவுக்கு உடன்பட மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினாறு பேர் உயிரிழந்தனர்.

பண்டுக்கும் இச்சட்டத்துக்கும் இடையே நேர்க்கோடு இழுப்பது பொருந்தாது. இடையில் பல ஆண்டுகள் உள்ளன. சட்டத்தின் வேர்களும் வட இந்தியாவில் தொடங்குகின்றன. எனினும் இரண்டின் பொருளியல் ஒன்றே. பண்டு காவற்செலவைக் குடியானவரிடமிருந்து திரட்டியது. ரேகைச் சட்டம் அச்செலவைக் கண்காணிக்கப்படுவோரின் மேல் ஏற்றியது. இரவுதோறும் முன்னிற்பதற்காக இழந்த உறக்கமும், இசைவுச் சீட்டுக்காக இழந்த உழைப்பு நாளும் அரசின் வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெறாத காவற்செலவுகள். பின்னர்க் கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின்கீழ்ப் பள்ளிகளும் ஊர்ப் பஞ்சாயத்துகளும் அமைக்கப்பட்டபோது, ஊரில் நிகழும் களவுக்கு ஊரே பொறுப்பு என்னும் கருத்து அரசின் கையில் மறுபடியும் தோன்றியது. காவற்காரரின் ஈட்டுப் பொறுப்பு, இம்முறை கூலி இன்றியே அவர் சமூகத்தின்மேல் சுமத்தப்பட்டது. சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இயங்கி வருகின்றன.

8. முடிவுரை

பண்டு இயக்கத்தைக் குடியானவர் எழுச்சி என்று போற்றுவதும் சாதி வன்முறை என்று ஒதுக்குவதும் அதன் ஒரு பாதியையே காண்பதாகும். காவலுக்குப் பணம் தருபவர் அதற்குக் கணக்குக் கேட்கலாம், காவல் தவறினால் ஈடு பெறலாம் என்னும் கோரிக்கை அதில் இருந்தது. 1859ஆம் ஆண்டுச் சட்டமும் 1902ஆம் ஆண்டு ஆணையமும் இக்கோரிக்கைக்கு விடை தரவில்லை. அவை போலீசின் அமைப்பையும் ஊதியத்தையும் பேசின. தவறுக்கு யார் ஈடு செய்வது என்பதைப் பேசவில்லை.

அதே இயக்கம், கணக்குக் கேட்கும் உரிமையைச் சந்தா செலுத்தியவர்க்கு மட்டும் உரியதாக்கியது. அதன் விளைவைத் திண்டுக்கல் கோட்டத்தில் எரிந்த குடியிருப்புகள் காட்டின. காவல் முறை ஒன்றை மதிப்பிடும்போது, அது காக்கும் உடைமையின் அளவோடு, அதன் கணக்கில் இடம்பெறாதோர் யார் என்பதும் அளவுகோலாக வேண்டும். கிணற்றடியில் விடப்பட்ட வாளியும் எரிந்த வீடும் ஒரே ஆறு மாதத்துக்குரியவை. அவ்விரண்டையும் ஒரே ஏட்டில் எழுதும் காவல் முறையை 1896ஆம் ஆண்டின் குடியானவர்களும் அமைக்கவில்லை, அவர்களை ஆண்ட அரசும் அமைக்கவில்லை.